சுபநேரத்தில் அரை முழம் நகர்ந்த கார்

என் வாழ்க்கையில் நேரத்துக்குச் செய்து முடித்த காரியங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். அதிலும் பெருவிரலை மடக்கியே வைத்துக்கொள்ளலாம். ஆகவே எங்கள் கார் கொந்த்ரோல் தெக்னிக்கில், அதாவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆய்வுநிலையத்தில் காட்டி முத்திரை வாங்கும் பரீட்சையில் தவறியதும், திருத்திக்கொண்டு வா என்று அவர்கள் இரண்டு மாதத் தவணை தந்ததும், அதில் ஏழு வாரத்தை நான் சும்மா கழித்ததும் எங்கள் வீட்டில் யாருக்கும் புதினம் அல்ல.

தவறியதற்குக் காரணம் ஒரு சின்ன விளக்கு. ஸ்டியரிங்குக்குப் பின்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. காருக்கு இருபது வயது. புகை விஷயத்தில் உள்ளே ஏதோ சரியில்லை என்று அந்த விளக்கு ஒரு வருடமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதை அலங்காரமாக எடுத்துக்கொண்டேன். பார்க்க வடிவாக இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லியும் இருக்கிறேன்.

எட்டாவது வாரம் கதை மாறியது. மனைவிக்கு ருவாசி விமான நிலையத்தில் வேலை கிடைத்தது. விமானங்களுக்குச் சாப்பாடு பொதிசெய்யும் பெரிய சமையற்கூடம். மூன்று வருடமாக விண்ணப்பம் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தவள். அடுத்த கிழமை திங்கள் தொடக்கம். விடியற்காலை ஐந்து மணிக்கு வெள்ளை அங்கியோடு மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும். முதல் மாதம் பரீட்சார்த்த காலம். ஒருநாள் பிந்தினாலும் கைகொடுத்து அனுப்பிவிடுவார்கள். பாரிஸில் நாங்கள் இருக்கும் லா சப்பலிலிருந்து முதல் ரயிலைப் பிடித்தால் அவள் போய்ச் சேர ஐந்தரை. இரவு பஸ் ஒன்று உண்டு. அது சுற்றி வரும் ஊர்களைப் பார்த்தால் முதல்நாளே வெளிக்கிட வேண்டும். ஆகவே கார். கார் என்றால் முத்திரை. முத்திரை இல்லாத காரில் காலே வைக்க மாட்டேன் என்றாள். விமான நிலையத்துக்குள் போகும் அட்டையைப் பொலிஸ் விசாரணை எல்லாம் முடித்துத்தான் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு கீறல் விழவும் அவள் விடத் தயாரில்லை.

“சனிக்கிழமை பின்னேரத்தோடை தவணை முடியுது. அதுக்குள்ளை செய்வியளோ, மாட்டியளோ?”

“செய்யாமல் விடுவனே?”

“ஏழு கிழமையா விட்டனீங்கள். அதுதான் கேக்கிறன்.”

திங்கட்கிழமை காரை ஒபர்வில்லியேக்குக் கொண்டு போனேன். அங்கே ஒரு மொத்தவியாபாரக் களஞ்சியத்துக்குப் பின்னால் மன்னார்க்காரர் ஒருவர் சின்ன கராஜ் வைத்திருக்கிறார். என்னைவிடப் பத்து வயது இளையவர். அதனால் என்னை எப்போதும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார். ஏசும்போதும் மரியாதை குறையாது. புகைக்குழாயில் இருந்த ஒரு சென்சரைக் கழற்றிப் புதிதாகப் போட்டார். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே கைபேசி அளவில் ஒரு வாசிப்பு மெசினைச் செருகி எதையோ அமத்தினார். மஞ்சள் விளக்கு அணைந்தது. நான் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு நேரே ஆய்வுநிலையத்துக்குப் புறப்பட்டேன்.

“எங்கை ஓடுறியள்? லைட் தானாப் போகேல்லை அண்ணை, நான்தான் அழிச்சனான். இப்ப கொம்பியூட்டர் வெறும் சிலேட்டு. உள்ளுக்கை நாலு மொனிட்டர் இருக்கு. ஒவ்வொண்டும் தன்ரை சோதனையை ஓடிப் பாத்துப்போட்டு, ‘நான் ரெடி’ எண்டு சொல்லவேணும். நாலும் சொன்னால்தான் உங்களை விடுவன். இல்லாட்டி அங்கை மெசினைச் செருகின உடனை உங்கடை வண்டவாளம் தெரிஞ்சிடும்.”

யாழ்ப்பாணத்தில் என் வகுப்பிலும் மொனிட்டர் என்று ஒருவன் இருந்தான். வாத்தியார் இல்லாத நேரம் கதைப்பவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதுதான் அவன் வேலை. என் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு புள்ளடி. அப்படி நான்கு பேர் இருபது வருடமாக என் காருக்குள் இருந்திருக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே போய்விட்டது. நான் காருக்குள் பாடியதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த நால்வரின் மனம் கனியச் செய்ய வேண்டியதை ஒரு துண்டில் எழுதித் தந்தார். இரவு முழுக்க, குறைந்தது எட்டு மணித்தியாலம், கார் அசையாமல் கிடந்து எஞ்சின் நன்றாகக் குளிர வேண்டும். காலையில் ஸ்டார்ட் பண்ணி மூன்று நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விட வேண்டும். பிறகு பெருந்தெருவுக்குப் போய் இருபது நிமிடம் தொண்ணூறில், கூடாமல் குறையாமல், ஒரே சீராக. அதற்குப் பிறகு அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கையும் தொடாமல், தன்பாட்டில் வேகம் குறைய விட வேண்டும். பாரிஸில் பிரேக்கைத் தொடாமல் காரோட்டு என்பது கடலில் நனையாமல் குளி என்பது மாதிரி. ஆனாலும் எனக்கு ஒரே உற்சாகம். போக இடம் இல்லாமல், போவதற்காகவே போகும் பயணம் இதுவரை எனக்கு வாய்த்ததில்லை.

நான் வேலை செய்யும் ரெஸ்டோரண்ட் குசினி பதினொரு மணிக்குத் தொடங்கும். வடக்கே போகும் பெருந்தெரு எட்டரைக்குப் பிறகுதான் கொஞ்சம் மூச்சுவிடும். ஆகவே எட்டரை. துண்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோதுதான், குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரில் என் கண் தற்செயலாகப் பட்டது. தற்செயலாகத்தான். செவ்வாயும் சரி, புதனும் சரி, கிழமை முழுக்க அந்த எட்டரையைச் சுற்றி ஏதாவதொரு கூடாத நேரம் குந்திக்கொண்டிருந்தது. ராகு இல்லாத நாளில் எமகண்டம். முறை வைத்து வேலை செய்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். லா சப்பலில் நான் ஒரு பகுத்தறிவாளன். “ராகுவுக்குப் பிரான்ஸ் விசா குடுக்கேல்லை” என்று நான் சொல்லாத கலியாணவீடு கிடையாது. மனைவி கலண்டரைப் பார்த்துவிட்டு வெளிக்கிடும்போதெல்லாம் நக்கலடிப்பவனும் நான்தான். அப்படிப்பட்ட ஒருவன், மனைவியின் வேலை தொங்கிக்கொண்டிருக்கும் பயணத்தை எமகண்டத்தில் தொடங்கலாமா? தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் தொடங்காமல் விட்டால் என்ன குறைந்துவிடும் என்றும் ஒரு யோசனை வந்தது.

எங்கள் ஆட்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கூடாத நேரத்தில் பயணம் போக வேண்டி வந்தால், அதற்கு முன்னால் நல்ல நேரத்திலேயே வாசலைத் தாண்டி இறங்கி, பக்கத்து வீட்டில் போய் இருந்துவிடுவார்கள். பயணம் தொடங்கியாயிற்று. ராகு வந்து பார்க்கும்போது ஆள் ஏற்கெனவே வழியில். சட்டப்படி அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்கு, பேக்கரியில் பாண் வாங்கப் போகிறேன் என்று பூட்டிக் கிடந்த குளியலறைக் கதவுக்குச் சொல்லிவிட்டு இறங்கினேன். கார் ரூ பெர்தொனே என்ற தெருவுக்குப் பக்கத்தில் நின்றது. ஏறி ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் ஓட விட்டேன். முன்னுக்கு அரை முழம் எடுத்தேன், பின்னுக்கு அரை முழம் விட்டேன். அதற்குமேல் நகர்ந்தால் தரிப்பிடம் போய்விடும். பாரிஸில் தரிப்பிடம் போனால் ராகுவே பரவாயில்லை. பயணம் சுபமாக ஆரம்பித்தது. அணைத்துப் பூட்டிவிட்டு, பாணும் வாங்கிக்கொண்டு, ஒரு பகுத்தறிவாளனாக வீடு திரும்பினேன்.

எட்டரைக்கு மீதிப் பயணம். தொண்ணூறில் ஊசியை நிறுத்திப் பிடித்தபடி வடக்கே போனேன். லொறிகள் என்னை முந்தின. கூசேன்வில் ஊருக்குத் திரும்பும் பலகை வந்தது, போனது. திரும்பும் வழியில் காலை எடுத்தேன். எண்பது, எழுபது, அறுபது. பின்னால் வந்தவன் விளக்கடித்தான், ஹோர்னடித்தான், முந்திப் போகும்போது கையால் ஏதோ ஆசீர்வாதமும் செய்தான். நான் அவனுக்குக் கும்பிடு போட்டேன். பிரேக்கைத் தொடவில்லை. சின்ன வயதில் சைக்கிளில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு போனதற்குப் பிறகு அப்படி ஒரு சுகம் எனக்குக் கிடைத்ததில்லை.

புதன்கிழமையும் அதே பாண், அதே அரை முழம், அதே தொண்ணூறு. அங்கிருந்து நேரே கராஜுக்குப் போனேன். மெக்கானிக் மெசினைச் செருகிப் பார்த்தார். நான்கில் மூன்று ரெடி. நான்காவது, புகையைச் சுத்தப்படுத்தும் கட்டலைசரின் மொனிட்டர், இன்னும் வாயே திறக்கவில்லை.

“நாளைக்கு வந்திடும், அண்ணை. இது கொஞ்சம் வீம்பு பிடிச்சது. எஞ்சின் பச்சைத்தண்ணி மாதிரிக் குளிர்ந்து கிடந்தால்தான் சோதனையையே தொடங்கும்.”

வியாழக்கிழமையும் மூன்றுதான். அவர் மெசினையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“இரவிலை ஆரும் காரைத் தொட்டதோ?”

“ஒருத்தரும் தொடேல்லை.”

“காலமையிலை?”

“வெளிக்கிடேக்கை மட்டும்தான் ஸ்டார்ட் பண்ணினனான்.”

நான் பொய் சொல்லவில்லை. ஆறேகாலுக்கு நடந்ததை என் மனம் காரோட்டம் என்ற கணக்கில் சேர்க்கவே இல்லை. சாமிக்குக் காட்டிய கற்பூரத்தை யாராவது அடுப்பு மூட்டியதாகச் சொல்வார்களா?

அவர் தலையைச் சொறிந்தார். “அப்ப கட்டலைசரே செத்துப்போச்சோ தெரியேல்லை. அப்பிடியெண்டால் சாமான் வர ஒரு கிழமை எடுக்கும். சனிக்கிழமைக்கு ஏலாது, அண்ணை.”

அன்று வேலை முடிந்து வந்து மனைவிக்குச் சொன்னபோது அவள் புது அங்கியை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தாள். ஏசுவாள் என்று நினைத்து, பதிலுக்கு இரண்டு பகிடிகள்கூட ஆயத்தமாக வைத்திருந்தேன். அவள் ஏசவில்லை. அங்கியை மடித்து வைத்தாள். கைபேசியை எடுத்து இரவு பஸ் எத்தனை மணிக்கு என்று தேடத் தொடங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு இரண்டு ஏச்சு வாங்கியிருக்கலாம். பகிடிகளைத் தொண்டைக்குள்ளேயே விட்டுவிட்டு, நாளைக்கு இன்னும் கவனமாக ஓட்டுவது என்று தீர்மானித்தேன். சுபநேரத்தையும் சரியாக, நிமிடம் பிசகாமல் பார்ப்பது என்றும்.

வெள்ளிக்கிழமை ஆறேகால். தெரு ஈரமாக இருந்தது. காருக்கு முன்னால் கால் வழுக்க, விழாமலிருக்க எஞ்சின் மூடியில் கையை ஊன்றினேன்.

மூடி சுட்டது.

நான் இன்னும் ஸ்டார்ட் பண்ணவே இல்லை. கள்ளன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் திருடிய காரை அதே தரிப்பிடத்தில், அதே நேர்த்தியோடு கொண்டுவந்து விடும் கள்ளன் பாரிஸில் எங்கே இருக்கிறான்? பிறகுதான் கவனித்தேன், கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. கதவைத் திறந்தேன். இரவுச் சட்டைக்கு மேல் குளிர் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் கிழித்த கலண்டர் தாளோடு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் என் மனைவி.

“நீர் இஞ்சை என்ன செய்யிறீர்?”

“நீங்கள் இஞ்சை என்ன செய்யிறியள்?”

“பாண் வாங்க வந்தனான்.”

“பாண்கடை அந்தப் பக்கம்.”

“நித்திரை வரேல்லையோ?”

“கையிலை என்னத்துக்குக் கார்த் திறப்பு? பாணைப் பூட்டி வைக்கப் போறியளோ?”

இதற்குப் பிறகு மறைக்க ஒன்றும் இல்லை. நான் பக்கத்து சீற்றில் ஏறி இருந்தேன். அவள் செவ்வாய்க்கிழமையிலிருந்து தினமும் ஐந்தரைக்கு வந்திருக்கிறாள். அவளுடைய நட்சத்திரத்துக்கு அந்த நேரம் பலன் கூட என்று கலண்டரில் போட்டிருந்ததாம். ஐந்து நிமிடம் ஸ்டார்ட்டில் விட்டு, முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம். நான் ஆறு மணி அலாரம் வரைக்கும் மரக்கட்டை மாதிரிக் கிடப்பவன். நான் எழும்பும்போது அவள் திரும்பி வந்து குளியலறைக்குள். இன்று கலண்டரில் அந்த நேரம் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்ததால் பிடிபட்டுவிட்டாள். நானும்தான்.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னால் விசாக் கதை சொல்லுவியள்.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசியைப் பார்த்தோம். அது சுகமாக எழும்பி நின்றது. குளிரில் இந்தக் கார் இவ்வளவு சுலபமாக ஸ்டார்ட் ஆகிறதே, புதுச் சென்சரின் மகிமை என்று மூன்று நாளாக நான் மெச்சிக்கொண்டிருந்தேன்.

“எட்டு மணித்தியாலம் தொடக்கூடாதெண்டெல்லோ எழுதித் தந்தவர்?” என்றாள் மெதுவாக.

“ஓம்.”

“அப்ப நாங்கள்…”

“ஓம்.”

அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு நான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, ஒருவரையொருவர் பார்க்கப் பார்க்கத் திரும்பத் திரும்பச் சிரித்தோம். கடைத்தெருவில் ஷட்டர் திறந்துகொண்டிருந்த ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, இந்த வயதில் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எட்டு மணிக்கு மெக்கானிக்குக்குப் போன் எடுத்து முழுவதையும் ஒப்புக்கொண்டேன். மறுமுனையில் அவர் கணக்குப் போட்டார்.

“அப்ப ஒரு காலமையிலை கார் மூண்டு தரம் வெளிக்கிட்டிருக்கு.”

“ரெண்டு தரம் அரை முழம்தான்.”

“அண்ணை, எஞ்சினுக்கு முழக்கணக்குத் தெரியாது. சூடு குளிர்தான் தெரியும்.” பின்னணியில் ஏதோ ஒரு ஸ்பானர் நிலத்தில் விழும் சத்தம். சிரிப்பை அடக்கப் பாடுபடுகிறார் என்று தெரிந்தது. “நான் வேதக்காரன், மாதாவைக் கும்பிடுற ஆள். உங்கடை ராகுவோடை எனக்குப் பழக்கம் இல்லை. ஆனா ஒண்டு கேக்கிறன். பயணம் வெளிக்கிடுறது ஆக்களோ, எஞ்சினோ?”

எத்தனை கலியாணவீட்டில் பகுத்தறிவு பேசியவன் நான். ஒரு சோதிடரிடமும் கேட்டுத் தெளியாத சந்தேகத்தை மன்னார் வேதக்காரர் ஒருவர் தீர்த்துவைத்தார்.

சனிக்கிழமை. பின்னேரம் மூன்று மணிக்கு ஆய்வுநிலையத்தில் நேரம் எடுத்திருந்தோம். அதை விட்டால் தவணை இல்லை. ராகு ஒன்பதிலிருந்து பத்தரை வரை, சரியாக நாங்கள் பெருந்தெருவில் இருக்கப்போகும் நேரத்தில். காலை ஆறு மணிக்கு நல்ல நேரத்தில், வலது காலை முன்வைத்து, இரண்டு பேரும் வாசலைத் தாண்டி இறங்கினோம். நேரே போய்க் காருக்குள் ஏறி இருந்தோம். இரண்டு திறப்பும் அவளுடைய கைப்பைக்குள். எனக்குக் கை அரிக்கக்கூடும் என்று அவளுக்குப் பயம். குளிரென்றால் குளிர். எஞ்சின் குளிர வேண்டும் என்பதற்காக நாங்களும் சேர்ந்து குளிர்ந்தோம். போர்வைக்குள் இருந்து பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்தோம்.

ஏழு மணிக்கு எங்கள் தெரு மரக்கறிக்கடைக்காரர் கண்ணாடியில் தட்டினார். பயணம் வெளிக்கிட்டவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்பது எங்களில் கூடாது. அவர் பண்பான மனிதர்.

“தூரமோ?”

“தூரம் இல்லை. இப்பதான் வெளிக்கிட்டனாங்கள்.”

எட்டு மணிக்குத் திரும்பவும் தட்டினார்.

“இன்னும் போகேல்லையோ?”

“போய்க்கொண்டிருக்கிறம்,” என்றாள் மனைவி.

அவர் நாங்கள் இருந்த காரையும், அசையாத சில்லையும் பார்த்தார். போய், சுடச்சுட இரண்டு ரோல்ஸைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். சண்டை பிடித்துக்கொண்டு வீட்டை விட்டு இறங்கிவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

எட்டரைக்கு அவள் திறப்பை எடுத்தாள். நான் இறங்கி அந்தப் பக்கம் போக, “நீங்கள் இருங்கோ. திங்கக்கிழமை நான்தானே ஓடப்போறன்,” என்றாள். அவள் லைசென்ஸை முதல் தடவையிலேயே எடுத்தவள். நான் நான்காம் தடவை. திரும்பி என் சீற்றில் ஏறி இருந்தேன்.

மூன்று நிமிடம் நின்ற இடத்தில். பிறகு பெருந்தெரு. அவளுடைய கால் ஒரு கல் மாதிரி. தொண்ணூறில் வைத்தாள், ஊசி அங்கேயே ஒட்டிக்கொண்டது. ஒன்பது மணிக்கு ராகு பிறந்தது. இரண்டு பேரும் மணிக்கூட்டைப் பார்த்தோம். திரும்பும்போது அவள் காலை எடுத்தாள். கார் சத்தம் அடங்கி வழுக்கிக்கொண்டு போனது. எண்பது, எழுபது, அறுபது. பின்னால் ஒரு லொறி அலறியது. “கும்பிடு போடும்,” என்றேன். “நான் ஓடுறன், நீங்கள் போடுங்கோ,” என்றாள். திரும்பி இருந்து, பின் கண்ணாடி வழியாக இரண்டு கையாலும் போட்டேன்.

கராஜில் மெக்கானிக் மெசினைச் செருகினார். அதன் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு என் பக்கம் காட்டாமல் அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“நாலும் ரெடி, அக்கா.”

அவள் அந்தச் சின்னத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைபேசியை எடுத்து, இரவு பஸ் நேரம் குறித்து வைத்திருந்ததை அழித்தாள்.

மூன்று மணிக்கு ஆய்வுநிலையத்து ஆள் தன் மெசினைச் செருகினான், ஒரு தாளை அச்சடித்தான், முத்திரையை ஒட்டினான், அடுத்த காரைக் கூப்பிட்டான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவன் ஏதாவது கேட்டால் சொல்வதற்கென்று நான் பிரெஞ்சில் மனனம் செய்து வைத்திருந்த நீண்ட விளக்கம் இன்றுவரை எனக்குள்ளேயே இருக்கிறது.

திங்கட்கிழமை அவள் கலண்டரைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் நான் கேட்கவில்லை. நான்கு மணிக்கு வெளிக்கிட்டோம். முதல்நாள், இருட்டு, அவள் தனியே போகக்கூடாது என்று நானும் ஏறினேன். வெறிச்சோடிய பெருந்தெருவில் அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினாள். நாலரைக்கு வேலையாட்களின் தரிப்பிடத்தில் காரை விட்டு, பூட்டி, திறப்பைக் கைப்பைக்குள் போட்டு, கழுத்தில் அட்டையை மாட்டினாள். நாலடி நடந்தவள் நின்றாள்.

“நீங்கள் எப்பிடித் திரும்பிப் போவியள்?”

அதை நான் யோசிக்கவே இல்லை. கார் அவளுக்குப் பின்னேரம் திரும்பி வரத் தேவை. குனிந்து பார்த்தேன். காலில் வீட்டுச் செருப்பு.

“அதெல்லாம் யோசிச்சுத்தான் வந்தனான். நீர் போம், நேரமாகுது.”

அவள் என் செருப்பைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். கதவு மூடும் வரைக்கும் அவளுடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் சூட்கேஸ் உருட்டும் கூட்டத்துக்குள் ஸ்டேஷனைத் தேடிப் பிடித்து, பாரிஸ் போகும் முதல் ரயிலுக்காகக் குந்தினேன். ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது கைபேசி அதிர்ந்தது. மேசைக்கு முன்னால் நிற்கிறேன், எல்லாருக்கும் முதல் வந்தது நான்தான் என்று எழுதியிருந்தாள். நான் அதைச் சத்தமாக வாசித்துவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர் என் முகத்தையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் பெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு இருக்கை தள்ளிப் போய் இருந்தார்.